குவாங்சோவில் கடல் எந்தப் பக்கம்?

சீனாவின் குவாங்சோ துறைமுக நகரத்துக்குச் சரக்கெடுக்கப் போகும் வியாபாரிகளுக்கு அந்த ஊரை அறிமுகம் செய்யும் பொறுப்பை முஜாஹிதிடம் கொடுத்திருந்தார் தூத்துக்குடி டிராவல்ஸ்காரர். கூட்டத்துக்குப் பிடித்துப்போனால் வழிகாட்டியாக அவனும் விமானம் ஏறலாம். அவன் ஊரான காயல்பட்டினத்தில் பாதிப்பேர் கடல் கடந்தவர்கள். முஜாஹித் மதுரையைத் தாண்டாதவன். யாரும் கேட்காததால் அவனும் சொல்லவில்லை.

திரையில் இடுப்பு ஒடுங்கிய கோபுரம் ஒன்று வந்தது.

"ஏலே, இதுக்குச் சோறே போடலியா?" என்றார் பாத்திரக்கடை ராஜதுரை அண்ணாச்சி.

அடுத்து முத்து ஆறு. பிறகு பழைய பள்ளிவாசலின் மினாரா.

"அந்தக் காலத்துல இதுல வெளக்கு வச்சுத்தான் கப்பலுக்கு வழி காட்டுனாங்களாம், அண்ணாச்சி."

அண்ணாச்சி நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "அப்பம் கடல் எந்தப் பக்கம்?"

"கெழக்கதான்."

பிறந்ததிலிருந்து அவனுக்குக் கடல் கிழக்கேதான் இருந்தது. சீனாவுக்காக அது இடம் மாறும் என்று தோன்றவில்லை.

பின்வரிசையில் துணிக்கடை பல்கீஸ் சிரித்துவிட்டார். "கடல் தெக்க கெடக்கு தம்பி, அதுவும் ரொம்பத் தொலைவுல. நான் மூணு தடவ போயிருக்கேன். நீ போனதே இல்ல, என்ன?"

"இல்ல லாத்தா." முஜாஹித் மடிக்கணினியை மூடப்போனான்.

"இந்த மினாராவ நீங்க பாத்தியளா?" என்று பல்கீஸிடம் கேட்டார் அண்ணாச்சி.

"எங்க அண்ணாச்சி? கடைக்கும் ரூமுக்கும் அலையவே நேரம் சரியாப் போச்சு."

அண்ணாச்சி டிராவல்ஸ்காரர் பக்கம் திரும்பினார். "இவனையே அனுப்பும். போனவங்க ஒண்ணையும் பாக்கல. இவன் கடலத் தேடியாவது நம்மள ஊரெல்லாம் சுத்த வைப்பான்."