இறந்துபோன சமையல்காரி

கம்போடியாவின் சியெம் ரீப் நகரில் எங்கள் குழந்தைகள் இல்லத்தில் சமைத்துவந்த சந்தூவின் மூன்று வயது மகள், அங்கேயே அநாதையாகப் பதிவாகியிருந்தாள். அம்மா இறந்துவிட்டதாக இயக்குநர் எழுதியிருந்தார். மகளுக்குச் சோறு கிடைக்குமே என்று சந்தூவும் கைநாட்டு வைத்திருந்தாள்.

தத்தெடுக்க வந்த பெல்ஜியத் தம்பதி தூக்கியதும், குழந்தை அடுப்படியைப் பார்த்து அலறியது.

"என்ன சொல்றா?" என்று அந்தப் பெண் மொழிபெயர்ப்பாளனான என்னிடம் கேட்டாள்.

"பசிக்குதாம்னு சொல்லுடா," என்றார் இயக்குநர்.

நான் சந்தூவைப் பார்த்தேன்.

"செத்தவள ஏன்டா பாக்குற? உள்ளதச் சொல்லு," என்றாள்.

"அம்மாவக் கூப்பிடுறா. அதோ, மீன் கழுவுறவங்கதான்," என்றேன்.

தம்பதி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் இருவருக்கும் அன்றே வேலை போயிற்று. சந்தூ மகளோடு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

மறுவாரம் அந்தத் தம்பதி வேறொரு இல்லத்தில் ஒரு குழந்தையைத் தத்தெடுத்தார்களாம். அதற்கு யார் இருக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.