டீசல் பஸ்ரியன்

பஸ்ரியனின் வாயில் ‘தெரியாது’ என்ற சொல் மட்டும் வராது. ஐம்பத்தெட்டு வயதுவரை அது வராமலே அவருடைய காலம் ஓடிவிட்டது. கனடாவில், யூனியன்வில்லில் வீட்டுக்கடன் முகவராக இருந்த அவரிடம் ஆட்கள் வட்டி வீதம் கேட்டு வருவார்கள். அதைச் சொல்லிவிட்டு, முழங்கால் நோவுக்கு என்ன பூசுவது, கூரைக்கு எந்தத் தகடு நல்லது, மகள் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டும் என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவார். மனைவி பேர்ணடெற் இதையெல்லாம் முப்பது வருடம் கேட்டு, காது கேளாதவர் போல இருப்பதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார்.

பேர்ணடெற்றின் அக்கா மக்டலீன் வேறு மாதிரி. ஒஷாவாவில் இருபத்துநான்கு வருடம் பாடசாலை பஸ் ஓட்டியவர். கல்யாணம் செய்யவில்லை; ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதிலும் சொன்னதில்லை. பஸ்கள் நிற்கும் யார்டில் மெக்கானிக்குகளோடு நின்று நின்று டீசல் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பழகியிருந்தார். ஓய்வு பெற்ற கையோடு, பீற்றபரோவுக்கு அப்பால் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் போய் 1998ஆம் ஆண்டு டீசல் மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். முப்பத்துநான்கு அடி நீளம், பின்பக்கத்தில் எஞ்சின், உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை.

“இந்த வயதிலை உனக்கேன் அக்கா உந்த யானை?” என்று பேர்ணடெற் கேட்டார்.

“படுக்கவும் ஓடவும்,” என்றார் மக்டலீன்.

பஸ்ரியனுக்கு முதலில் மனவருத்தம்தான். தன்னைக் கேளாமல் ஒரு பெண்பிள்ளை இவ்வளவு பெரிய எஞ்சினை வாங்கிவிட்டாளே என்ற வருத்தம். ஆனால் அதன் முன்னால் நின்று ஒரு படம் எடுத்து முகநூலில் போட்டதும் மனம் ஆறிவிட்டது. ‘வாழ்த்துகள் அண்ணை, உங்கடையோ?’ என்று நாலைந்து பேர் கேட்டிருந்தார்கள். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒவ்வொரு கும்பிடு போட்டார். ஒரு கிழமைக்குள் ‘டீசல் பஸ்ரியன்’ என்ற யூடியூப் சானல் பிறந்தது.

மக்டலீன் இதைத் தடுக்கவில்லை. ஒரு நிபந்தனைதான் வைத்தார். “பாக்கலாம், கதைக்கலாம். ஒண்டிலையும் கை வைக்கக் கூடாது. விளங்கிச்சோ?”

பஸ்ரியனுக்கு அது பெரிய வசதியாகப் போய்விட்டது. மடிப்புக் குலையாத நீல மேலங்கி, கையில் துடைத்து மினுக்கிய ஸ்பானர், முகத்தில் கவலை. பின்னால் மக்டலீன் வண்டிக்குக் கீழே படுத்து ஒயில் வடிப்பார். கமராவில் அவருடைய சப்பாத்து மட்டும் தெரியும். “எங்கடை உதவியாளர் இப்ப ஃபில்டரைக் கழட்டுறா,” என்று பஸ்ரியன் விளக்குவார். குளிர்காலத்துக்கு முன் தண்ணீர்க் குழாய்களுக்குள் இளஞ்சிவப்புத் திரவம் விட்டது, காற்று வடிகட்டிக்குள் அணில் கட்டிய கூட்டை எடுத்தது, உப்பில் அரித்த தகட்டைச் சுரண்டி வர்ணம் பூசியது, எல்லாவற்றையும் மக்டலீன் செய்தார், பஸ்ரியன் செய்ததாகக் காட்டினார். மகள் நடாஷா ஃபோனைப் பிடித்தாள். மருந்துக்கடை வேலை முடிந்து வந்த களைப்பில் அவளுக்கு உண்மை பொய் பார்க்க நேரமில்லை.

வசந்தம் வந்தபோது பதினோராயிரம் பேர் பஸ்ரியனைப் பின்தொடர்ந்தார்கள். நேரில் பார்க்க வேண்டும் என்று அவர்கள் நச்சரித்ததால், ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை, மார்க்கம் ரோட்டில் ஒரு தமிழ்க் கடையின் கார்த் தரிப்பிடத்தில் சந்திப்பு என்று அறிவித்தார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்த வண்டிக்குக் காற்றுப் பிரேக். அதை ஓட்டத் தனியாக ஒரு லைசன்ஸ் எடுக்கவேண்டும். மக்டலீனிடம் அது இருந்தது.

“மச்சாள், கடைக்குக் கிட்ட வந்தவுடனை நான் மாறி ஏறுறன். ஐம்பது யார் தூரம்தானே,” என்று கெஞ்சிப் பார்த்தார்.

“லைசன்ஸ் இல்லாமல் நீர் என்ரை சீற்றிலை இருந்து ஓடினால், நான் இறங்கிப் பொலிசைக் கூப்பிடுவன்.”

கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. மக்டலீன் விடியவே கொண்டுபோய் நிறுத்துவார். ஆட்கள் சேர்ந்த பிறகு பஸ்ரியன் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து, கதவைத் திறந்து, கையசைத்தபடி இறங்குவார்.

அன்றைக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். பஸ்ரியன் இறங்கிய விதத்தைப் பார்த்தால் வன்கூவரிலிருந்து ஒரே மூச்சில் ஓட்டி வந்தவர் போலிருந்தது. இடுப்பைப் பிடித்து நிமிர்ந்தார். “நீளமான வண்டி பாருங்கோ, தோள்மூட்டு விட்டிடும்,” என்றார். மக்டலீனும் பேர்ணடெற்றும் உள்ளே தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்கள். மீற்றர்களை எரியவிட்டுக் காட்டவேண்டும் என்று சொல்லி, பஸ்ரியன் மக்டலீனிடம் வண்டித் திறப்பை மட்டும் வாங்கி வைத்திருந்தார்.

அரை மணித்தியாலம் எல்லாம் நன்றாகவே போனது. ரயரைத் தட்டினார், பின்கதவைத் திறந்து எஞ்சினைச் சுட்டினார், பெயர் தெரியாத பாகங்களை ‘இதுதான் முக்கியமான சாமான்’ என்று கடந்து போனார். நடாஷாவின் ஃபோனில் நேரலை ஓடியது.

அப்போது விட்பியிலிருந்து வந்த ஜனார்த்தன் என்ற இளைஞர் கையை உயர்த்தினார். புதிதாக ஒரு டீசல் பிக்கப் வாங்கியிருந்தவர்.

“அண்ணை, என்ரை பிக்கப்புக்கு டீசலோடை டெஃப்பும் ஊத்தவேணும். புகையைச் சுத்தப்படுத்துற தண்ணி. அதுக்கு நீல மூடியோடை தனி ராங்க் இருக்கு. உங்கடையிலை அது எங்கை?”

பஸ்ரியன் அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதல் கேட்டார். நாற்பது முகங்கள் அவரைப் பார்த்தன. ‘மச்சாளைக் கேட்டுச் சொல்லுறன்’ என்று சொல்லியிருந்தால் கதை அந்த இடத்தில் முடிந்திருக்கும். வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்தார். நீல மூடி ஒன்றும் இல்லை. டீசல் மூடி மட்டும்தான் இருந்தது.

“தம்பி, அது புது வண்டியளுக்குத்தான் தனித்தனி,” என்றார் நிதானமாக. “பழைய வண்டியளுக்கு ரெண்டும் ஒரே ஓட்டைக்குள்ளைதான்.”

“அப்பிடியோ அண்ணை! பொறுங்கோ, என்னட்டை ஒரு கான் டெஃப் இருக்கு.”

ஜனார்த்தன் ஓடிப்போய்ப் பிக்கப்பிலிருந்து கானைக் கொண்டுவந்தார். பஸ்ரியன் மூடியைத் திறந்தார். மேலங்கி வாங்கி எட்டு மாதத்தில் அவர் அந்த வண்டியில் ஒரு வேலைக்கென்று முதன்முதலாகக் கை வைத்தது அப்போதுதான்.

“அப்பா, ஆர் யூ ஷுவர்?” என்று நடாஷா தாழ்ந்த குரலில் கேட்டாள். “கொமென்ற்ஸிலை ஆரோ ‘ஊத்தாதையுங்கோ’ எண்டு எழுதுகினம்.”

“பொறாமை பிடிச்சவங்கள்,” என்று சொல்லிவிட்டுக் கானைக் கவிழ்த்தார். பத்து லீற்றரும் குளுகுளுவென்று இறங்கியது. ஆட்கள் கை தட்டினார்கள்.

“ஸ்ரார்ட் பண்ணுங்கோ அண்ணை! சத்தத்தைக் கேப்பம்!”

பஸ்ரியன் ஏறி இருக்கையில் அமர்ந்து, திறப்பைப் பிடித்தார். மக்டலீன் தேநீர்க் கோப்பையோடு பின்னால் வந்து நின்றார்.

“வெளியிலை என்ன கைதட்டு?”

“ஒண்டுமில்லை மச்சாள். டெஃப் ஊத்தினனான்.”

“எங்கை ஊத்தினீர்?”

“எங்கை ஊத்துறது? டீசல் ராங்குக்குள்ளைதான்.”

கோப்பை கீழே விழுந்தது. அடுத்த கணம் மக்டலீனின் கை பஸ்ரியனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. அறுபத்துமூன்று வயதுக் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று அவர் நினைத்ததேயில்லை.

“திருப்பினீரெண்டால் பம்ப் போச்சு, இஞ்செக்ரர் போச்சு, எல்லாம் போச்சு. திறப்பை விடும்.” குரல் உயரவில்லை. “இது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு எஞ்சின். உந்தத் தண்ணிக்கு இதிலை இடமே இல்லை. விடும் எண்டுறன்.”

பஸ்ரியன் விட்டார். வெளியே ஆட்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். படியிறங்குவதற்குள் அவருக்கு மூளை திரும்பிவிட்டது. அந்த மூளை எப்போதும் இப்படியான இடத்தில்தான் வேலை செய்யும்.

“எல்லாரும் வடிவாப் பாத்தனீங்களோ?” என்று இரண்டு கைகளையும் விரித்தார். “பழைய டீசல் வண்டிக்குச் செய்யவே கூடாதது இதுதான். வாயாலை சொன்னால் மறந்து போடுவியள். அதுதான் எங்கடை வண்டியையே பலி குடுத்துச் செய்து காட்டினனான்.”

முன்னையதைவிடப் பலமான கைதட்டல். “இப்பிடி ஒரு மனுசனை நான் காணேல்லை,” என்றார் ஜனார்த்தன்.

கதவடியில் நின்ற மக்டலீன் எல்லாவற்றையும் கேட்டார். நேராக நடாஷாவின் ஃபோனுக்கு முன் வந்து நின்றார். சப்பாத்துக்கு மேலே அவருக்கு ஒரு முகமும் இருப்பதைச் சானல் அன்றுதான் கண்டது.

“முதலாம் பாகம் முடிஞ்சுது,” என்றார். “ஊத்தினதை எப்பிடி எடுக்கிறதெண்டு நாளைக்குப் பஸ்ரியன் அண்ணை தன்ரை கையாலை செய்து காட்டுவார். லைவாத்தான். காலமை ஒன்பது மணிக்கு வாங்கோ.”

இழுவை வண்டி வந்து மோட்டார் ஹோமை ஒஷாவாவுக்குக் கொண்டுபோனது. மறுநாள் காலை பஸ்ரியன் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைச் சாட்டினார், முதுகைச் சாட்டினார். பேர்ணடெற் காரில் ஏறி ஹோர்ன் அடித்தார்.

மக்டலீனின் பழைய பஸ் யார்டில் பீப்பாய்கள் வரிசையாகக் காத்திருந்தன. பஸ்ரியன் முதன்முதலாக அந்த வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்தார். மூக்குக்கு மேலே கறள் பிடித்த தகடு, குழாய், சேறு. எது எங்கே போகிறது என்று ஒன்றும் விளங்கவில்லை. மக்டலீன் பக்கத்தில் குந்தியிருந்து, “அது இல்லை, இடப்பக்கத்து நட். மெதுவா,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நட் திடீரென்று கழன்றது. டீசல் முழங்கை வழியாக ஓடி, கக்கம் தாண்டி, நெஞ்சுக்குள் இறங்கியது. பஸ்ரியன் யேசுவைக் கூப்பிட்டார். நேரலையில் நாலாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடையில் ஒரு தடவை, கண்ணெரிச்சலோடு, “மச்சாள், உந்த வண்டியிலை எல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டார்.

“தெரியாததைக் கேட்டுத்தான்,” என்றார் மக்டலீன்.

ராங்கைக் கழுவி, ஃபில்டர்கள் மாற்றி, புது டீசல் விட்டு, குழாய்க்குள் அடைந்த காற்றை எடுக்கப் பின்னேரம் ஆகிவிட்டது. மூன்றாவது திருப்பில் எஞ்சின் இருமி, வெள்ளைப் புகை கக்கி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. நடாஷா கொமென்ற்களை வாசித்தாள். ‘அண்ணை, உங்களிட்டைப் பழகி அன்ரியும் நல்லாச் செய்யிறா.’ ‘அன்ரி ஸ்பானரைக் கொஞ்சம் மேலை பிடிச்சால் நல்லம்.’ மக்டலீன் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்து ரயரில் சாய்ந்துவிட்டார். பஸ்ரியனுக்கு அந்தப் பாராட்டுகள் இனித்தன. இனித்தது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் சோப் போட்டுக் குளித்ததும் போய்விட்டது; டீசல் மணம் மட்டும் நாலு நாள் நின்றது.

ஜூலையில் மக்டலீன் கியூபெக் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போகப்போவதாகச் சொன்னார். “நானும் வாறன் அக்கா,” என்றார் பேர்ணடெற், கணவனைத் திரும்பிப் பார்க்காமலே.

“அப்ப நான்?” என்று பஸ்ரியன் கேட்டார்.

“இடமிருக்கு, வாரும்,” என்றார் மக்டலீன். “ஃபோன் மட்டும் வீட்டிலை நிக்கட்டும்.”

பஸ்ரியன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், அலுவலகத்தில் வேலை கூடிவிட்டதாகச் சொன்னார். ஒருவரும் மறுத்துக் கேட்கவில்லை. அது அவரைக் கொஞ்சம் சுட்டது. சகோதரிகள் புறப்பட்ட காலையில், யார்டு வாசலில் நின்று, எந்தப் பாதையில் போகவேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். எஞ்சின் சத்தத்தில் அது அவர்களுக்குக் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் ஃபோன் அடித்தது. ஜனார்த்தன்.

“அண்ணை, ஒரு சந்தோசமான விசயம். நானும் ஒரு மோட்டார் ஹோம் வாங்கிப்போட்டன். தொண்ணூற்றேழாம் ஆண்டு. உங்களை நம்பித்தான் எடுத்தனான். ஸ்ரார்ட் பண்ணினதிலையிருந்து ஒரு டிக் டிக் சத்தம் வருது, எஞ்சினை நிப்பாட்டவோ? என்னவா இருக்கும்?”

மக்டலீனின் இலக்கம் ஃபோனிலேயே இருந்தது. ஒரு விரல் தட்டினால் அனுப்பிவிடலாம். பஸ்ரியன் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து அதைப் பார்த்தார்.

“அது சின்னப் பிரச்சினை தம்பி,” என்றார். “எஞ்சினை மட்டும் நிப்பாட்டாதையும். நான் வாறன்.”