ஏழு போத்து

...வெட்டியது தப்பே இல்லை, வெட்டாமல் விட்டதுதான் தப்பு, நாலு வருஷத்தில் ஆள் உயரம்தான் வந்திருக்கிறது என்றால் கவாத்து இல்லாத குறைதானே, தாராபுரத்தில் சேனாபதி கைவைத்த முருங்கை எது தழையாமல் போயிற்று? எடிசன் என்கிற இந்த அமெரிக்க ஊரில், மகள் வீட்டு வாசலில், ரொட்டி அறுக்கிற பல் கத்தியோடு (இந்த ஊர் வீட்டில் அரிவாளுக்கு எங்கே போவது), சேனாபதி தனக்குத் தானே வக்கீலாக வாதாடிக்கொண்டிருந்தார். மகள் வான்மதியின் ரயில் ஆறு பத்துக்கு, ஸ்டேஷனிலிருந்து கார் பத்து நிமிஷம்... கம்ப்யூட்டரில் ஏதோ ஒய்-டூ-கே வேலையாம், மூச்சு விட நேரமில்லை, ஆனால் வந்ததும் முதலில் பார்ப்பது இந்த மேப்பிள் மரத்தைத்தான். இந்த மண்ணுக்கே உரிய சின்ன ஜாதியாம், வாசலுக்கு அடக்கமாக வளருமாம், அவர் வந்து இறங்கிய அன்றே சொல்லிவிட்டாள், “அப்பா, அதை மட்டும் தொட்டுறாதீங்க, ப்ளீஸ்.” பூவா, காயா, பொரியலுக்காவது ஆகுமா? பச்சைப் பட்டையில் வெள்ளைக் கோடு மட்டும் உண்டு. இங்கே அணிலுக்குக் கோடு கிடையாது, மரத்துக்கு இருக்கிறது, எல்லாம் தலைகீழ். ஐந்து மாசமாகச் சும்மா உட்கார்ந்து தின்கிறோமே, உருப்படியாக ஒன்று செய்வோம் என்றுதானே... வெட்டிய கிளைகளை வீணாக்கினாரா? முருங்கைக் குச்சி நடுவதுபோல் ஏழு போத்தாக நறுக்கி, வெட்டுவாய் காயாமலிருக்க வைக்கும் சாணி கிடைக்காததால் நுனியில் இட்லி மாவை அப்பி, வேலியோரம் வரிசையாக நட்டிருக்கிறார். ஒன்று ஏழாகுமே, அவளே அசந்துபோவாளே... ஆனால் மத்தியானம் நட்டது, இலை அதற்குள் ஏன் இப்படித் தொங்குகிறது? முருங்கை மாதிரிதானா எல்லா மரமும்? ஜன்னல் வழியாக மனைவி தனபாக்கியம், “மாவு கேட்டீங்க, குடுத்தேன், எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க,” என்று இப்போதே கழன்றுகொண்டாள்.

கார் வந்தது. இறங்கிய வான்மதி முழங்கால் உயர மொட்டையைப் பார்த்தாள், மாவு பூசிய ஏழு குச்சிகளைப் பார்த்தாள், அப்புறம் அவரை. திட்டட்டும், பதில் தயார், தாராபுரம் முருங்கையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்... “இட்ஸ் ஓகேங்கப்பா,” என்றாள் லேசான சிரிப்போடு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதானா? தப்பித்தோம் என்று நெஞ்சு ஒரு நிமிஷம் குளிர்ந்தது. அப்புறம்தான் குடைந்தது, போன வாரம் விருந்துக்கு வந்த ராமசுப்ரமணியன் பீங்கான் கோப்பையை உடைத்தபோதும் இதே இட்ஸ் ஓகேதான், இதே சிரிப்புதான். இன்னொரு கோப்பையை வேட்டி நுனியால் துடைத்ததற்கு அவரை மட்டும் அரைமணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினாளே... வந்து போகிறவர்களை யார் திட்டுவார்கள்? உள்ளே போய், ஒரு வார்த்தை திட்டிவிடேன் கண்ணு என்று எப்படிக் கேட்பது?