பதினேழாம் எண் எருமை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, டைப் அடித்துக் கொடுத்தேன். 1988-ல் மேற்கு தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலையும் மாலையும் வகுப்பு. நடுவில் வெளி வேலை: விண்ணப்பம், மனைப் பத்திரம், எப்போதாவது ஓர் ஆராய்ச்சி அறிக்கை. ஏகநாதன் என்பவர் தன் அறிக்கையின் இருபத்து மூன்றாம் பக்கத்தை மட்டும் மூன்று தடவை கொண்டுவந்தார். மூன்று தடவையும் அதில் இருந்தது வேறு வேறு. ஏன் சார் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவருடைய குழப்பம் பாதி எனக்கு வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் போன பாடில்லை.

2

தொடங்கிப் பார்த்தவை:

"எருமை ஈரத்தில் படுத்திருந்தது." (வேண்டாம். முதல் வரியிலேயே படுக்கவைத்துவிட்டால் அப்புறம் எழுப்புவது கஷ்டம்.)

"ஏகநாதன் நேர்மையானவர்." (இப்படிச் சொன்னால் நீங்கள் அப்போதே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவீர்கள்.)

"கறவை மாடுகளின் நலன் குறித்த ஆய்வுகள் நம் நாட்டில் பெரும்பாலும்" (இந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எனக்கே தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

3

சரி, நடந்ததையே சொல்கிறேன். ஏகநாதன் ஒரு கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக உதவியாளர். முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கம் நாற்பது எருமைகளை மாதம் ஒரு முறை போய்ப் பார்ப்பது அவர் வேலை. இருபது வீட்டுக் கொட்டகையில் வாரா வாரம் ஈரச் சாணியை வழித்துவிட்டுக் காய்ந்த மணல் பரப்ப வேண்டும். மற்ற இருபது வீட்டில் எப்போதும் போல. எதில் மடிநோய் குறைகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கறுப்புத் தட்டில் காம்புக்கு நாலு பீய்ச்சு பீய்ச்சுவார். பால் திரி திரியாக விழுந்தால் நோய்.

காதில் ஓட்டை போட்டு எண் மாட்டத்தான் முதலில் நினைத்தார். ஒரு வீட்டிலும் விடவில்லை. "காதுல ஓட்ட போட்டா பால அடக்கிக்கும் சார்" என்றார்கள். அவரும் யோசித்துவிட்டு, எண் வெட்டிய பித்தளை வில்லையைக் கழுத்துக் கயிற்றில் கட்டினார். எருமைக்கும் வலி இல்லை, வீட்டுக்காரர்களுக்கும் மனக்குறை இல்லை. தன் சமயோசிதத்தை அவரே மெச்சிக்கொண்டிருக்கிறார், பாவம்.

பதினேழாம் எண், முடிச்சூர் அங்காளம்மாள் வீட்டு எருமை. நிலத்தை மனை போட விற்றுவிட்டு, இருந்த ஒரே எருமையின் பாலில் வாடிக்கை வைத்திருந்தவள். அதன் மடி கல்லாக இறுகி, இரண்டு காம்பு அடைத்துப்போயிருந்தது. ஊசி போட்டும் கேட்கவில்லை. மணல் பரப்பினார்கள். ஆடி மாதம் ஏகநாதன் போய்த் தொட்டுப் பார்த்தபோது மடி பஞ்சாக இருந்தது, நாலு காம்பிலும் சுத்தமான பால். அன்று சைக்கிளில் வரும்போது வாய்விட்டுப் பாடியதாகச் சொன்னார். என்ன பாட்டு என்று சொல்லவில்லை.

இருபத்து மூன்றாம் பக்கம், முதல் முறை: *பதினேழாம் எண் முழுக் குணம்.* அந்த ஒரு வரியின் மேல்தான் முடிவுரை நின்றது. அதை நம்பி மாவட்டம் முழுக்க மணல் பரப்பச் சொல்லிச் சுற்றறிக்கை போவதாக இருந்தது.

4

அறிக்கையைக் கொடுப்பதற்கு முந்தின வாரம், சொல்லிக்கொண்டு வரலாம் என்று அங்காளம்மாள் வீட்டுக்குப் போனார். எருமையின் முதுகைத் தட்டி, "எவ்ளோ கஷ்டப்பட்டே நீ" என்றார்.

"அய்யே, அது இது இல்ல சார்" என்றாள் அங்காளம்மாள்.

"எது?"

"கஷ்டப்பட்டது. அத்த வித்துட்டனே. இது ஆடி பொறந்தப்ப வந்துது."

"பதினேழுன்னு கட்டியிருக்கே அக்கா!"

"கயிறு இங்கதான கீது? மாட்ட வித்தா கயித்த யாராவது குடுப்பாங்களா? வாங்குறவன் அவன் கயித்தோட வருவான். வூட்டுக் கயித்த வந்த மாட்டுக்குக் கட்டுனேன்."

"அப்ப நம்பர்?"

"நம்பரு வூட்டுக்குனு நெனச்சிகினு இருந்தேன் சார், ரேஷன் கார்டு கணக்கா."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட? மாட்டப் புடி, மடியப் பாக்கணும்ன்ன, புட்சிகினு நின்னேன்."

(இந்த இடத்தில் எனக்கு ஏகநாதன் மேல் சந்தேகம் வருகிறது. பதினான்கு மாதம் பார்த்த எருமை மாறிப்போனது ஒரு மனிதனுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு பிரதியில் அவருக்குக் கிட்டப்பார்வை கொடுத்தேன். இன்னொன்றில் வேண்டுமென்றே மறைத்தார் என்று எழுதினேன். இரண்டையும் கிழித்துவிட்டேன். அவரே சொன்னதுதான் சரியாகப் படுகிறது: "நான் மடிய மட்டும்தான் பாத்தேன் சிஸ்டர். ஒரு நாளும் அது மூஞ்சியப் பாக்கல." மாடுகளின் நலனுக்காக வேலை பார்த்தவர் வாயிலிருந்து வந்தது இது.)

மற்ற வீடுகளுக்கும் ஓடினார். ஆறு வீட்டில் அதே கயிறு வேறு மாட்டின் கழுத்தில் இருந்தது. மூன்று வீட்டில் "நெனப்பு இல்ல" என்றார்கள். மீதி வீட்டில் மாறவில்லை என்று சொன்னதை நம்புவதா வேண்டாமா என்று இவருக்கே தெரியவில்லை.

இருபத்து மூன்றாம் பக்கம், இரண்டாம் முறை: பதினேழைக் காணோம். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்போ மணல் நல்லதா இல்லியான்னே சொல்ல முடியல. தப்பா எழுதினா இன்னொருத்தர் வீட்டு மாட்டு மடியில போய் விடியும்" என்றார். அதை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

5

விற்ற எருமையைத் தேடினார். அதை வாங்கிய தரகர் ஜெயவேலு அந்த வாரம் இரண்டு எருமை பிடித்திருந்தார். ஒன்று கோவளத்தில் ஒரு டீக்கடைக்குப் போனது. மற்றது அடிமாட்டு லாரியில். எது எங்கே என்று கேட்டதற்கு, "ரெண்டும் கறுப்பு சார்" என்றார்.

ஏகநாதன் கோவளம் போனார். டீக்கடைக்குப் பின்னால் காய்ந்த கடல் மணலில் ஓர் எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தார். மடி மெத்தென்று இருந்தது. நாலு காம்பிலும் பால். இடது பின் காம்புக்கு மேலே மட்டும் சின்னதாக ஒரு முடிச்சு. பழைய நோயின் மிச்சமாகவும் இருக்கலாம், கன்று முட்டியதாகவும் இருக்கலாம். இதுதான் பழைய பதினேழு என்றால், கைவிட்ட எருமையை வெறும் மணலே தேற்றியிருக்கிறது. அவர் எழுதியது எப்படியோ சுற்றி வளைத்து உண்மையாகிவிடும். இதுதானா? முன்னால் போய் நின்று முகத்தைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. ஒரு எழவும் விளங்கவில்லை.

அடையாளம் சொல்ல ஊர் உலகத்தில் ஒரே ஆள்தான். மறுநாள் அங்காளம்மாளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, கேளம்பாக்கத்தில் மாறிப் போய் இறங்கினார். அவள் நேரே எருமையின் முன்னால் போய் நின்றாள். கொம்பைத் தடவினாள். நெற்றியில் கை வைத்தாள். "ஏய்" என்று கூப்பிட்டாள். எருமை திரும்பியது. டீக்கடைக்காரரும் திரும்பினார்.

"இதுதானாக்கா?"

அவள் அதன் முகத்தையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. அப்புறம் சொன்னாள்: "இதான்னு சொன்னா உன் பேப்பரு பொயச்சிக்கும். இல்லன்னு சொன்னா என்துதான் லாரில போச்சி. நீயே சொல்லு சார், என் வாயில இன்னா வரும்?"

6

இதற்கு மேல் எழுதிப் பார்த்தேன்.

(அ) "இதான்" என்கிறாள் அங்காளம்மாள். ஏகநாதன் அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுகிறார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அவள் அப்படிச் சொல்லத்தானே ஆசைப்பட்டாள்? அவரும் அதைக் கேட்கத்தானே அவளைக் கூட்டிப்போனார்? இரண்டு பேருக்கும் வேண்டிய பதிலை வைத்துக்கொண்டு ஒரு சுற்றறிக்கை அனுப்பலாமா?

(ஆ) "இது இல்ல" என்கிறாள். தனக்கே வலிக்கிற பதிலை ஒருத்தி சும்மா சொல்ல மாட்டாள். ஆகவே இதை நம்பலாம். யோசிக்க யோசிக்க, அங்கே நம்பக்கூடிய பதில் இது ஒன்றுதான் என்று படுகிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் லாரி வந்து நிற்கிறது. அதற்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை.

(இ) அவள் ஒன்றும் சொல்லாமல்

உண்மையில் என்ன சொன்னாள் என்று ஏகநாதன் என்னிடம் சொன்னார். மூன்றாம் முறை கொண்டுவந்த பக்கத்தில் அது ஒரு வரியாக இருந்தது. அவர் எழுதிக் கொடுத்தபடியே அடித்துக் கொடுத்தேன். அந்த வரியை இங்கே எழுதப்போவதில்லை. படித்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. எனக்கு நிம்மதி தந்த பதிலை நானே உங்களிடம் நீட்டினால் நீங்கள் ஏன் நம்ப வேண்டும்?

நான் எழுதியவரைக்கும் அங்காளம்மாள் எருமையின் நெற்றியில் கை வைத்தபடி நிற்கிறாள். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். "இது இல்ல" என்று அவளைச் சொல்லவைக்க உங்களுக்கு மனசு வந்தால், எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.