பெட்டிக்கு அடியில் இரண்டு கட்டு

அப்பாவின் உடல் இருந்த ஐஸ் பெட்டியை எதன் மேல் இறக்குவது என்று தெரியாமல் நாலு பேர் தூக்கியபடியே நின்றார்கள். வாசலெங்கும் மழைத்தண்ணீர். பக்கத்து வீட்டு அன்புச்செல்வன் ஆட்டுக் கொட்டகைக்கு ஓடி, கடலைக்கொடிக் கட்டு இரண்டைத் தூக்கிவந்து தலைமாட்டுக்கு ஒன்று, கால்மாட்டுக்கு ஒன்று என்று போட்டான். பெட்டி அதன் மேல் இறங்கியது.

கலைமகள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பாவைவிட ஆட்டுத்தீனி பெரிதா என்று கேட்டால் என்ன சொல்வது?

கொட்டகையில் மொத்தம் பதினோரு கட்டு. அதில் ஒன்பது நனைந்து பூஞ்சணம் பிடித்துவிட்டன. போட்டால் ஆடு வயிறு ஊதிச் சாகும். அன்புச்செல்வன் காய்ந்ததாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் படுத்தபடி அப்பா திங்கட்கிழமை போனில் கேட்ட ஒரே கேள்வி, "தார்ப்பாய இழுத்து வுட்டுட்டியாமா?"

"வுட்டுட்டேம்பா."

வேலை முடிந்து வந்து செய்துகொள்ளலாம் என்று நினைத்துச் சொன்னது. மழை அவளுக்கு முன்னால் வந்துவிட்டது.

பெங்களூரிலிருந்து அண்ணன் ராமதாஸ் வந்து சேரும்வரை உடல் கிடந்தது. பட்டியில் ஏழு செம்மறியும் நேற்றுப் பிறந்த குட்டியும் கத்திக்கொண்டே இருந்தன. "வளத்தவன் போயிட்டான்னு அதுங்களுக்கும் தெரிஞ்சிபோச்சி, அழுதுகினே கீதுங்க பாரு" என்று களம்பூர்க்காரர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். பசி என்று கலைமகளுக்குத் தெரியும். உட்கார்ந்தே இருந்தாள்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள். வீடு கழுவியாயிற்று. பெட்டி இருந்த இடத்தில் கட்டுகள் இரண்டும் கிடந்தன. அப்பாவின் அக்கா அபிதகுசாம்பாள் தீப்பெட்டியோடு வந்தாள்.

"ஒங்கப்பன் படுத்த பாயோட சேத்து இத்தையும் கொளுத்திடு."

"அத்த, ஆட்டுக்கு வேற இல்ல."

"இன்னாடி பேசற? பொணத்துக்கு அடியில கெடந்தத வாயில்லா ஜீவனுக்குப் போடுவியா?"

"நான்தான் தார்ப்பாய் போடல அத்த. போட்டுட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்."



கலைமகள் ஒரு கட்டைப் பட்டிக்கு இழுத்துப்போய் அரிவாளால் கயிற்றை அறுத்தாள். பெட்டியிலிருந்து சொட்டிய தண்ணீரில் மேல்பக்கமும் தரைத் தண்ணீரில் அடிப்பக்கமும் ஊறியிருந்தன. இரண்டையும் உரித்து எறிந்தாள். உள்ளே காய்ந்திருந்தது. அள்ளிப் போட்டாள். ஆடுகள் முகர்ந்துவிட்டு ஒதுங்கின. மனிதர்கள் உட்கார்ந்த கட்டை ஆடு தொடாது என்று அப்பா யாரையும் உட்கார விடமாட்டார். போடுமுன் ஒரு கொடியைக் கிள்ளி வாயில் போட்டு மென்று பார்ப்பார். அவளும் ஒன்றைக் கிள்ளி மென்றாள். மண்ணும் கசப்புமாக இருந்தது. துப்பாமல் காத்திருந்தாள்.

குட்டி போட்ட ஆடுதான் முதலில் வந்தது. பிறகு மற்றவை.

அது பாதிகூடக் காணாது. இன்னொரு கட்டுக்காகத் திரும்பினாள். அதன் மேல் பெட்டி அழுத்திய பள்ளம் இன்னும் நிமிரவில்லை. அத்தை தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, தூக்கிவிடக் குனிந்து கட்டின் மறுபக்கத்துக் கயிற்றைப் பிடித்திருந்தாள்.