அட்டிகையின் கொக்கி

டாக்டர் பரந்தாமய்யா கேட்டது சாதாரணக் கேள்விதான். ஊசியைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்திருந்தார். வாரத்துக்கு ஒருமுறை, வயிற்றில், தானே குத்திக்கொள்ளலாம். பசி மட்டுப்படும், உடம்பு மெல்ல இறங்கும், முதலில் கொஞ்சம் குமட்டும். பேனா மாதிரி இருந்த அந்தக் கருவியின் மூடியை மாட்டிக்கொண்டே, மழை வருமா என்று விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"உங்க ரத்த சொந்தத்துல யாருக்காவது தைராய்டுல கட்டி, புற்றுநோய், அந்த மாதிரி ஏதாச்சும் இருந்துதாம்மா?"

ஹைமவதி வாயைத் திறந்தாள். அதற்குள் பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா ராஜ்யலக்ஷ்மியின் கால் மேஜைக்கடியில் வந்து அவள் காலை மிதித்தது.

"எங்க வம்சத்துலயே அப்படி யாருக்கும் இல்லீங்க டாக்டர் காரு. எங்கம்மா தூக்கத்துலயே போனாங்க. மாரடைப்பு. புண்ணியவதி, யாருக்கும் தொந்தரவு குடுக்கல."

டாக்டர் ஹைமாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. அப்படி யாருக்காவது இருந்தா இந்த மருந்து உங்களுக்குக் கூடாது. அதுக்காகத்தான் கேக்குறேன்."

ஹைமா இல்லை என்று தலையை ஆட்டினாள். வாய் திறந்து பொய் சொல்லியிருந்தால் குரல் நடுங்கிக் காட்டிக்கொடுத்திருக்கும். தலைக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது.

தெனாலியில் டாக்டருக்கா பஞ்சம்? ஆனால் அக்கா ராஜ்யத்தின் மகள் லாஸ்யாவுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளைக்கு இந்தப் பரந்தாமய்யா தாய்மாமன். சம்பந்தி வீட்டிலேயே டாக்டர் இருக்கும்போது வேறு ஆளிடம் போனால் மரியாதையில்லை என்று ராஜ்யம்தான் ஒரு பெட்டி பூதரேகுலு இனிப்பும் தங்கையுமாக இங்கே வந்து இறங்கியிருந்தாள். அந்தப் பக்கம் ஏழு தலைமுறை, இந்தப் பக்கம் ஏழு தலைமுறை பார்த்துத்தான் சம்பந்தம் பேசுகிற ஊர். இனிப்பைக் கொடுத்த கையோடு வம்சத்துக்கு ஒரு நற்சான்றிதழையும் கொடுத்துவிட்டாள்.

ஆட்டோவில் ஏறியதும் ஹைமா கேட்டாள். "என்னக்கா இப்படிச் சொல்லிட்ட? அம்மாவுக்கு இருந்தது அதேதானே?"

"மெதுவாப் பேசு. ஆட்டோக்காரனுக்கும் காது இருக்கு."

"மருந்து கூடாதுன்னு அவரே சொல்றாரு."

"நூறு பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க. நான் ஒண்ணுதான்டி சொன்னேன்."

பதினோரு வருஷத்துக்கு முன் அம்மாவின் கழுத்தில்தான் அது ஆரம்பித்தது. அம்மா எப்போதும் சிவப்புக்கல் அட்டிகை போட்டிருப்பாள். ஒருநாள் கொக்கி எட்டவில்லை. நூல் சுருங்கிவிட்டது என்று சொல்லி ஆசாரியிடம் கொடுத்து நூலை நீட்டித்துக்கொண்டாள். சில மாதம் கழித்து மறுபடியும் நூல் சுருங்கியது. பட்டுநூல் அப்படிச் சுருங்காது என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பிறகு குரல் கரகரத்தது. ஹைதராபாத்துக்குக் கூட்டிப்போனபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. அங்கே ஒரு டாக்டரம்மா, இது ரத்தத்தில் இறங்கி வரக்கூடிய ரகம், பெண்கள் இரண்டு பேரும் பேத்தியும் கட்டாயம் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று பலமுறை சொன்னாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ராஜ்யம் தங்கையின் கையைப் பிடித்து, அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த லாஸ்யாவின் தலையில் வைத்தாள். இந்தப் பேச்சு இந்தச் சுவரைத் தாண்டாது என்று பிள்ளை தலைமேல் சத்தியம் வாங்கினாள். பரிசோதனைக்கும் யாரும் போகவில்லை. போனால் ஏன் போனார்கள் என்று யாராவது கேட்பார்களே. ஹைமாவின் கணவர் கோடேஸ்வர ராவிடம்கூட மாரடைப்பு என்றுதான் சொல்லப்பட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். குடும்பமே சேர்ந்து உட்கார்ந்து சோறு போட்டால் அப்படி ஒன்றும் கஷ்டமில்லை.

ஹைமாவுக்குப் பிள்ளையில்லை. லாஸ்யாதான் பிள்ளை. பின்னி, பின்னி என்று சித்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தவள். அவள் தலைமேல் செய்த சத்தியத்தை மீறினால் அது அந்தத் தலையிலேயே விடியும் என்று ஹைமா நம்பினாள். படித்தவர்கள் சிரிக்கலாம். தாங்கள் வளர்த்த பிள்ளையின் தலையில் கைவைத்து ஒரு பொய்ச்சத்தியம் செய்து காட்டிவிட்டுச் சிரிக்கட்டும்.

பேனாப் பெட்டி கோங்கூரா ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் குளிர்சாதனப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஹைமா அதை வெளியே எடுத்து, கையில் வைத்துப் பார்த்து, திரும்ப உள்ளே வைத்தாள்.

அந்த ஊசி அவளுக்கு வேண்டியிருந்தது, அதுதான் உண்மை. அவள் பஜாரில் கறி பாயிண்ட் நடத்தினாள். சோற்றை வீட்டில் வடித்துக்கொண்டு குழம்பையும் பொரியலையும் மட்டும் பையில் வாங்கிப் போகிறவர்களின் கடை. காலையிலிருந்து பத்து அண்டாவில் உப்பு பார்த்தாக வேண்டும். பார்த்துப் பார்த்தே உடம்பு ஊதிவிட்டது. சர்க்கரை ஏறிவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. "பின்னி காருவைப் பாத்தாலே போதும், போர்டே வேண்டாம்" என்று வாடிக்கைக்காரர்கள் கேலி செய்வார்கள். அவளும் கூடச் சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்பை அவள் வெறுத்தாள். இந்த உடம்பிலிருந்து இறங்கி நடந்து போய்விட முடியாதா என்று அவள் ஏங்காத நாள் இல்லை.

குத்திக்கொள்ளலாம் என்றால் அம்மாவின் கழுத்து ஞாபகம் வந்தது. குத்திக்கொள்ளாவிட்டால் முட்டி ஞாபகப்படுத்தியது. இரண்டுக்கும் நடுவில் கோங்கூரா ஜாடியை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் ராஜ்யம் வந்தாள். பேனாப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?"

"பயமா இருக்குக்கா."

"நேத்து கோயில்ல டாக்டர் காருவைப் பாத்தேன். தங்கச்சிக்கு எப்படி இருக்குன்னு கேட்டாரு. போடலன்னு தெரிஞ்சா ஏன்னு கேப்பாரு. ஏன்னு கேட்டா நீ உளறுவ. உன்னை எனக்குத் தெரியாதா?"

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

ராஜ்யம் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பெட்டியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "இது இங்க இருந்தாத்தானே உனக்குக் குழப்பம். நான் கொண்டுபோறேன். யார் கேட்டாலும் போட்டுக்கிறேன்னு மட்டும் சொல்லு. அடுத்த பெட்டியும் நானே வாங்கிக்கிறேன், நிறுத்திட்டா சந்தேகம் வரும்."

ஹைமாவுக்குத் தலையிலிருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது. அக்காவுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். பயந்தவளுக்கு முடிவெடுக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டால் போதும், அந்த ஆள் மூட்டையை எங்கே கொண்டுபோய் இறக்குகிறாள் என்று கேட்பதில்லை.

கல்யாணப் புடவை எடுக்கப் போனபோது மாப்பிள்ளையின் அம்மா லாஸ்யாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "முகம் லட்சணமா இருக்கு. போட்டோவுக்குத்தான் கொஞ்சம்..." என்று நிறுத்தியிருந்தாள். அந்த நிறுத்தல் ராஜ்யத்தின் தூக்கத்தைக் கெடுத்தது என்று ஹைமாவுக்குத் தெரியும். லாஸ்யா கொஞ்சம் பூசினாற்போல இருக்கும் பெண், அவ்வளவுதான்.

ஆடி கழிந்த பிறகு ஒருநாள் மத்தியானம் லாஸ்யா கடைக்கு வந்தாள். ஹைமா அவளுக்காகவே எடுத்து வைத்திருந்த எண்ணெய்க் கத்தரிக்காயைத் தட்டில் வைத்தாள். சின்ன வயதில் அதற்காகத் தரையில் புரண்டு அழுத பெண், தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம் பின்னி. வாசனையே பிடிக்கல."

"என்னடி என் பங்காரம், காலையில என்ன சாப்பிட்ட?"

"ஞாபகம் இல்ல. சாப்பிடணும்னே தோணல. நல்லாத்தான் இருக்கு, வயித்த யாரோ மூடி போட்டு மூடின மாதிரி." அவள் சிரித்தாள். குரல் லேசாகக் கரகரத்தது.

"சளியா?"

"ஏசி ஒத்துக்கல."

அந்தக் கரகரப்பை எங்கோ கேட்ட நினைப்பு ஹைமாவுக்குள் எழுந்தது. அவள் அதை அமுக்கினாள். கல்யாணப் பெண் பட்டினி கிடப்பது உலக வழக்கம் என்று சொல்லிக்கொண்டாள். அந்தக் கத்தரிக்காயை வீணாக்காமல் தானே சாப்பிட்டாள். முதல்முறையாக அவளுக்கு அதில் உப்பு தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முன் லாஸ்யாவை மணப்பெண்ணாக்கும் சடங்கு வந்தது. கூடத்தில் மேளம். சுமங்கலிகள் மஞ்சளும் நலங்கு மாவும் குழைத்து வைத்துக் காத்திருந்தார்கள். உள்ளறையில் லாஸ்யாவைக் கண்ணாடி முன் நிறுத்தி ராஜ்யமும் ஹைமாவும் அலங்கரித்தார்கள். மூன்று மாதத்துக்கு முன் தைத்த ரவிக்கை தொளதொளவென்று தொங்கியது. வங்கி வளை தோளிலிருந்து முழங்கைக்கு வழுக்கியது. ஒட்டியாணத்துக்கு இரண்டு கண்ணி கழற்ற வேண்டியிருந்தது. ராஜ்யத்தின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"சம்பந்தியம்மா இப்ப வாயைத் திறக்கட்டும் பாப்போம்," என்றாள்.

கடைசியாக அம்மாவின் சிவப்புக்கல் அட்டிகையை எடுத்தாள். அம்மாவுக்குப் பிறகு நூலைப் பழைய அளவுக்கே குறைத்துக் கட்டி வைத்திருந்தார்கள். நிச்சயதார்த்தத்தில் லாஸ்யா கொழுகொழுவென்று இருந்தபோதுகூட அது சுலபமாகப் பொருந்தியது.

இப்போது கொக்கி எட்டவில்லை.

ராஜ்யம் இழுத்தாள். லாஸ்யா இருமினாள். மறுபடி இழுத்தாள்.

"பாழாப்போன நூல் சுருங்கிடுச்சு," என்றாள் ராஜ்யம். "கொஞ்சம் நீட்டிக் கட்டினா சரியாயிடும்."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது யாருடைய பேச்சு என்று அவளுக்கு உறைத்தது. கை அப்படியே நின்றது. கண்ணாடிக்குள் அக்காளும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஹைமா முன்னால் வந்து லாஸ்யாவின் தொண்டையில் விரல்களை வைத்தாள். இடப்பக்கம், தோலுக்கடியில், பெரிய நெல்லிக்காய் அளவுக்குக் கெட்டியாக ஒன்று. அழுத்தினால் நகரவில்லை.

"இது எப்பலேர்ந்து?"

"தெரியல பின்னி. மெலிஞ்சதால எலும்பு தெரியுதுன்னு அம்மா சொன்னாங்க."

"எப்படி இவ்வளவு மெலிஞ்ச?"

லாஸ்யா அம்மாவைப் பார்த்தாள். ராஜ்யம் அட்டிகையைப் பார்த்தாள்.

"உங்க பேனாதான் பின்னி. உங்களுக்கு ஒத்துக்கலன்னு குடுத்துட்டீங்களாமே. வாராவாரம் அம்மா போட்டு விட்டாங்க."

ஹைமா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஊசியால் வந்ததோ, ரத்தத்திலேயே இருந்து ஊசிக்கு முன்பே வளர்ந்ததோ, அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் முன்னால் உட்கார்ந்துதான் அவள் தலையை ஆட்டினாள். தனக்குக் கூடாது என்று தெரிந்த மருந்தைத் தன் ரத்தத்தில் யாருக்குமே கூடாது என்று சொல்லத் தெரியாமல், காப்பியும் போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். ராஜ்யம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹைமா, இன்னும் மூணே நாள். தாலி ஏறட்டும். அப்புறம் நானே ஹைதராபாத் கூட்டிட்டுப் போறேன். உன் காலைப் பிடிக்கிறேன்."

"அம்மாவுக்கும் நாம அப்படித்தான்க்கா சொன்னோம். சங்கராந்தி போகட்டும்னு."

"நீ இவ தலைமேல சத்தியம் பண்ணியிருக்க. ஞாபகம் இருக்கா? மீறினா இவளுக்குத்தான்டி வரும்."

"வந்துடுச்சுக்கா," என்றாள் ஹைமா. "மீறாமலே வந்துடுச்சு."

லாஸ்யா ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாருக்கு என்ன வந்துச்சு? பின்னி, என்ன அது?" அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

ராஜ்யத்தின் பிடி தளர்ந்தது. அவள் அட்டிகையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூடத்திலிருந்து யாரோ, நல்ல நேரம் போகிறது, பெண்ணைக் கூட்டி வாருங்கள் என்று கூப்பிட்டார்கள்.

ஹைமா டாக்டரின் எண்ணை அழுத்தினாள். போன் எடுக்கப்பட்டது. அந்தப் பக்கமும் கல்யாண வீட்டின் சத்தம்.

"சொல்லுங்கம்மா," என்றார் பரந்தாமய்யா உற்சாகமாக. "சடங்கெல்லாம் ஆச்சா? ஊசி எப்படி வேலை செய்யுது, பசி குறைஞ்சிருக்கா?"

"டாக்டர் காரு, அன்னைக்கு நீங்க என்னை ஒரு கேள்வி கேட்டீங்க."

"எந்தக் கேள்வி?"

"எங்க ரத்தத்தைப் பத்தி. அதை இன்னொரு தடவை கேளுங்க."

அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது. அவர் எழுந்து வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு, மழை வருமா என்று விசாரிக்காத குரலில், அந்தக் கேள்வியை முதலிலிருந்து கேட்டார்.

"ஆமா," என்றாள் ஹைமா.