பெட்டிப் படம்

நாற்காலியின் ஒரு கால் ஆடியது. மனைவி செல்லபாய் அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, நேசையன் மேலே ஏறி அலமாரியின் தலையில் துழாவினார். கைக்கு வந்ததெல்லாம் ஓய்வுநாள் பள்ளிப் பரிசுப் புத்தகங்களும், எலி கடித்த ஒரு குடையும், கண்ணாடி கீறிய இரண்டு படச் சட்டங்களும்தான். சட்டங்களை எடுத்துக்கொண்டு இறங்கினார். திருவனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்த அலுப்பு இன்னும் முதுகை விடவில்லை. அழுகை வரும் வரும் என்று காலையிலிருந்து காத்திருக்கிறார், வந்தது கொட்டாவிதான்.

அடுத்த அறையில் அவருடைய அக்கா சத்தியபாய் சவப்பெட்டியில் கிடந்தாள். தாடையில் வந்த கட்டி, நெய்யூர் ஆஸ்பத்திரியில் படுத்து மருந்தெல்லாம் பார்த்த பிறகும் வளர்ந்துகொண்டே போய், முகத்தின் ஒரு பக்கத்தை வேறு யாருடைய முகமாகவோ ஆக்கிவிட்டிருந்தது. விடியற்காலையில் குளிப்பாட்டிய பெண்கள் வெள்ளைத் துணியால் அதை மூடிவிட்டார்கள். நேசையன் இவ்வளவு நேரமும் பெட்டியின் கால்மாட்டில்தான் உட்கார்ந்திருந்தார். தலைமாட்டுக்குப் போகவில்லை.

முற்றத்துப் பந்தலில் குமாரதாஸ் கேமராவின் மூன்று காலையும் நாட்டிவிட்டுக் கட்டன்காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அந்தத் தெருவில் சாவு என்றால் சபை உபதேசியாருக்கு ஆள் போகும்போதே படம் எடுக்கிறவனுக்கும் ஆள் போய்விடும். பெட்டியைச் சற்றுச் சரித்து வைத்து, சுற்றிலும் குடும்பம் நின்று, சிலுவை வரைந்த மூடியைப் பின்னால் ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க, ஒரு படம். பெட்டிப் படம் என்று பெயர். அது இல்லாமல் அடக்கம் நடந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

அக்காவோ போன மாதமே செல்லபாயின் கையைப் பிடித்து வேதப்புத்தகத்தின் மேல் வைத்துக்கொண்டாள். "எனக்க இந்த மூஞ்சிய எவனும் படம் பிடிக்கப்பிடாது, கேட்டியா? ஒனக்க மாப்பிளட்டயும் சொல்லிரு."

நேசையன்தான் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார். அக்காவின் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்தால், அதையே பெரிதாக்கிச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். பெட்டிப் படம் தேவையில்லை.

குமாரதாஸ் தலையை ஆட்டினான். "அடக்கத்துக்குக் கோயில் மணி அடிக்கதுக்குள்ள கிட்டணும் சாரே. அதுக்குப் பொறவு வெளிச்சம் நிக்காது. கிட்டலேண்ணா துணிய நீக்கிட்டு உள்ளத எடுப்போம். என்ன செய்ய?"

கூடத்து ஜன்னல் பக்கம் சட்டங்களைத் துடைத்துப் பார்த்தார். முதலாவது அப்பாவின் பெட்டிப் படம். ஒரே மகன் என்று நேசையனை அப்பாவின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அம்மா, சித்தப்பா, சித்தப்பாவின் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். அக்காவைக் காணோம். பிறகுதான் மூடியின் இரண்டு ஓரத்திலும் நான்கு நான்கு விரல்கள் தெரிந்தன.

"இது அவியதான்," என்றாள் செல்லபாய். "மூடியப் பிடிச்சிட்டு நிக்குதாவ."

இரண்டாவது அம்மாவின் படம். அதிலும் மூடி, அதிலும் விரல்கள். கல்யாணம் ஆகாத பெண் சவத்தோடு முகம் காட்டிப் படம் எடுத்துக்கொண்டால் வருகிற சம்பந்தமும் தட்டிப்போகும் என்று அம்மாவுக்கு ஒரு பயம். அக்கா நல்ல உயரம் வேறு. ஆகவே மூடி பிடிக்கிற வேலை அவளுக்கு வந்தது. சம்பந்தம் ஒன்றும் வந்தபாடில்லை; அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்; மூடி பிடிக்கிற வேலை மட்டும் அக்காவை விடவில்லை.

"தெருவுல கேட்டுப் பாருங்களேன்," என்றாள் செல்லபாய். "எந்தச் சாவுக்கு அவிய போவாம இருந்தாவ?"

நேசையன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். பிறந்து வளர்ந்த தெரு. எந்த வீட்டுக் கிணறு உப்பு, எந்த வேலியில் பாம்புச் சட்டை கிடந்தது, எந்த வீட்டு நாய் அவரை முட்டுக்குக் கீழே கடித்தது என்று எல்லாம் நினைவிருந்தது. நாய் கடித்தபோது அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியது அக்காதான். அவளுடைய தோள் எலும்பு நெஞ்சில் குத்தியதுகூட நினைவிருந்தது. முகம் மட்டும் வரவில்லை. நடந்துகொண்டே கண்ணை மூடித் திறந்து பார்த்தார். வரவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது.

தெருவில் முதல் வீடு ஜேசுதாஸுடையது; ஆண்கள் எல்லாரும் சாவு வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவனுடைய மனைவி சுவரிலிருந்து படத்தைக் கழற்றிக் கொடுத்தாள். மாமியாரின் பெட்டிப் படம். கிழவியின் தலை ஒரு பக்கமாகச் சரியாமல் இருக்க, ஒரு கை பின்னாலிருந்து தலையணையைத் தாங்கிப் பிடித்திருந்தது. "இந்தக் கை சத்தியபாய் அக்காளுக்கதுதான்," என்றாள் அவள். கை முழங்கை வரைக்கும் இருந்தது. அதற்கு மேல் பெட்டி மறைத்தது.

அடுத்த வீட்டுப் படத்தில் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அழுத குழந்தை ஒன்று அவள் தோளின் மேலாகக் கேமராவை நன்றாகப் பார்த்தது. அதற்கடுத்த வீட்டில் மறுபடியும் மூடி. ஒவ்வொரு வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், கருப்பட்டிக் காப்பி தரட்டுமா என்றார்கள், கடைசியாகப் பேச்சு வந்ததா என்று கேட்டார்கள். நேசையன் எல்லாரிடமும் அதே பதிலைச் சொன்னார். சொல்லிச் சொல்லி அந்தச் செய்தி யாரோ மூன்றாம் மனிதருடையது மாதிரி ஆகிவிட்டது. கால் வலித்தது. ஊரிலுள்ள செத்தவர்கள் எல்லாருக்கும் முகம் இருந்தது. அவர்களைத் தூக்கிக் காட்டியவளுக்கு இல்லை. அவருக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

தெருக்கோடியில் ஏசுஅடிமையின் வீடு. கிழவர் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார்.

"ஆரு, நேசையனா? வா மக்கா. எழும்பி வர ஏலல. தப்பா நெனைக்காத."

வந்த காரியத்தைச் சொன்னதும் கிழவர் உள்ளறைப் பக்கம் கையைக் காட்டினார். "எனக்க அப்பன் செத்தப்போ எடுத்தது ஒண்ணு கெடக்கு. அதுல அவ முன்னாலதான் நிக்கா. பாட்டுப் பாட வந்த பிள்ளையளோட."

நேசையன் படத்தை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்தார். முன்வரிசையில் பெண்பிள்ளைகள் பாட்டுப் புத்தகத்தோடு நின்றார்கள். ஓரத்தில் எல்லாரையும் விட உயரமாக ஒருத்தி. தாவணியின் மடிப்பு தெரிந்தது. ரவிக்கைக் கையில் அவளே பின்னிய லேஸ் தெரிந்தது. புத்தகத்தைப் பிடித்திருந்த விரல்கள், அந்த விரல்கள்தான், தெளிவாகத் தெரிந்தன. கழுத்துக்கு மேல் வெறும் வெள்ளைக் கலங்கல்.

"அண்ணைக்குப் படக்காரன் ஆரும் அனங்கப்பிடாதுண்ணு சொல்லிட்டு, கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டான்," கிழவர் கட்டிலிலிருந்தே பேசினார். "எல்லாரும் மூச்சப் பிடிச்சிட்டு நிக்குதோம். நீ அப்போ சின்ன பயல். வேலிப் பக்கம் நிண்ணு அக்காண்ணு ஒரு கூப்பாடு போட்டே பாரு! ஒருத்தரும் திரும்பல. அவ திரும்பினா. படம் கெட்டுச்சேண்ணு அவன் கெடந்து ஏசுதான். இவளுக்கு என்ன? புஸ்தகத்த பக்கத்துல உள்ளவ கையில குடுத்துட்டு, ஒன்னயத் தூக்கி இடுப்புல வச்சிட்டுப் போயிட்டா."

நேசையன் படத்தை இன்னும் வெளிச்சத்துப் பக்கம் சாய்த்தார்.

"எனக்குக் கண்ணு புகையா கெடக்கு. மொகம் தெரியுதா மக்கா?"

"தெரியுது பெரியப்பா."

"நல்ல மொகம்," என்றார் கிழவர். "கொண்டு போ. நான் எங்க பாக்கப் போறேன்."

நேசையன் அதை எடுத்த இடத்திலேயே மாட்டிவிட்டு வெளியே வந்தார். பாதித் தெரு வருவதற்குள் கோயிலில் அடக்கத்துக்கான மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. அவர் வேகமாக நடக்கவில்லை.

முற்றத்தில் குடும்பம் வரிசை கட்டி நின்றது. பெட்டியை வெளியே பந்தலுக்குக் கொண்டுவந்து சரித்து வைத்திருந்தார்கள்.

"கிட்டிச்சா சாரே?" குமாரதாஸ் கேட்டான்.

"இல்ல. நீ எல்லாத்தயும் எடுத்து வை. படம் வேண்டாம்."

ஜேசுதாஸ் முன்னால் வந்தான். "அது எப்பிடி? நாளைக்கு ஒரு அடையாளம் வேண்டாமா? ஆளில்லாத சவமா அவிய?"

"ஆளு நான் இருக்கேன்லா," என்றார் நேசையன்.

அவர் சத்தம் போடவில்லை. ஆனாலும் ஜேசுதாஸ் ஒதுங்கிக்கொண்டான். பெட்டியை மறுபடியும் நேராகப் பெஞ்சின் மேல் கிடத்தினார்கள். நேசையன் சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்குப் போனார். அக்காவுக்கு நோய் வந்த பிறகு அவர் லீவில் வந்தபோதெல்லாம், அவள் நல்ல பக்கம் அவருக்குத் தெரிகிற மாதிரி ஜன்னலைப் பார்த்துத் திரும்பியே உட்கார்ந்து பேசுவாள். அவரும் அந்த ஏற்பாட்டுக்கு இணங்கி அந்தப் பக்கமாகவே நாற்காலியைப் போட்டுக்கொள்வார்.

துணியை எடுத்தார். பின்னாலிருந்த பெண்களில் யாரோ கர்த்தாவே என்றாள். செல்லபாய் மட்டும் பக்கத்தில் வந்து நின்றாள்.

நேசையன் குனிந்து பார்த்தார். நல்ல பக்கத்தையும் பார்த்தார், மற்றதையும் பார்த்தார். உபதேசியார் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் நிமிர்வதற்காகக் காத்திருந்தார்.

"மூடட்டா?" செல்லபாய் மெல்லக் கேட்டாள்.

"கொஞ்சம் கழியட்டு."

வீங்கிய கன்னத்தில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிடக் கையை நீட்டினார். தட்டிவிட்ட பிறகும் கையை எடுக்கவில்லை.